வீட்டுப் பட்டியலும் கிராம சபையும்

ஒரு வீடு கட்ட என்னென்ன வேண்டும்?

கொத்தனாரைக் கேட்டால் கல், மணல், சிமெண்ட், மரம், ஓடு என்று சொல்வார். கட்டுகிறவரைக் கேட்டால் முதலில் பணம் என்பார். நிலம் இல்லாதவரைக் கேட்டுப் பாருங்கள். "கால் ஊன்ற ஒரு துண்டு மண் வேண்டும்" என்பார்.

மூவர் சொல்வதும் சரிதான். ஆனால் நாலாவதாக ஒன்று உண்டு. அது காகிதம்.

நிலத்துக்குப் பட்டா ஒரு காகிதம். அரசு உதவி பெறுவோர் பட்டியல் ஒரு காகிதம். பணம் வந்ததைச் சொல்லும் வங்கிப் புத்தகமும் காகிதம்தான். நம் நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் கூரை இல்லாமல் இருந்ததற்குப் பணம் இல்லாதது மட்டும் காரணம் அல்ல. பட்டியலில் பெயர் இல்லாததும் காரணம். பெயர் ஏன் இல்லை என்று கேட்கத் தெரியாததும் காரணம்.

நீங்கள் இப்போது படிக்கத் தெரிந்தவர். அந்தப் பட்டியல் எப்படி உருவாகிறது, யார் உருவாக்குகிறார்கள் என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

யாருடைய வேலை?

வீடு இல்லாதவருக்கு வீடு கட்டிக் கொடுப்பது யாருடைய வேலை? "டெல்லி அரசாங்கத்தின் வேலை" என்று சிலர் சொல்வார்கள். "மாநில அரசின் வேலை" என்பார்கள் சிலர். பணத்தில் பெரும்பகுதி அந்த இரண்டு இடங்களிலிருந்துதான் வருகிறது. ஆனால் யாருக்கு வீடு இல்லை என்பது டெல்லிக்கு எப்படித் தெரியும்? எந்தக் கூரை மழையில் ஒழுகுகிறது, எந்தச் சுவர் சாய்ந்து நிற்கிறது என்பது அந்தத் தெருவில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

இதை நம் அரசியல் சட்டமும் ஒப்புக்கொண்டது. 1992-இல் சட்டத்தில் இரண்டு திருத்தங்கள் செய்தார்கள். ஒன்று கிராமங்களுக்கு. அது 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. மற்றொன்று நகரங்களுக்கு. அது 1993 ஜூன் 1 முதல் வந்தது. ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத் தக்க வேலைகள் என்று 29 இனங்களை எழுதி வைத்தார்கள். அதில் பத்தாவது இனம், ஊரக வீட்டு வசதி. நகரங்களுக்கான 18 இனங்களில் குடிசைப் பகுதிகளை மேம்படுத்துவதும் ஒன்று.

எழுதி வைத்தால் போதுமா? அதிகாரமும் பணமும் கைக்கு வர வேண்டும். அதை மாநில அரசுதான் தர வேண்டும். சில மாநிலங்கள் நிறையத் தந்தன. சில மாநிலங்கள் பெயருக்குத் தந்தன. நிறையத் தந்த மாநிலங்களில் கேரளம் முக்கியமானது. அங்கே நடந்ததைச் சற்று விரிவாகப் பார்ப்போம். நல்லதும் நடந்தது, கெட்டதும் நடந்தது. இரண்டிலும் நமக்குப் பாடம் இருக்கிறது.

குடிசை போட்டவருக்கு நிலம்

முன்பெல்லாம் கேரளத்தில் விவசாயக் கூலிகள் நிலக்காரரின் தோப்பில் ஒரு மூலையில் குடிசை போட்டு இருப்பார்கள். ஓலைக் கூரை, மண் தரை. அவர்களைக் "குடிகிடப்புக்காரர்" என்று சொன்னார்கள். நிலக்காரருக்குக் கோபம் வந்தால் போதும். "நாளைக்குக் காலி செய்" என்பார். பாத்திரம், பாய், பிள்ளைகளோடு வெளியே போக வேண்டியதுதான். கூலி உயர்வு கேட்க அவர்கள் பயந்ததற்கு இதுவும் ஒரு காரணம். வேலை கொடுப்பவரும் இடம் கொடுப்பவரும் ஒரே ஆளாக இருந்தால் வாய் எப்படித் திறக்கும்?

1970 ஜனவரி 1 முதல் இது மாறியது. நிலச் சீர்திருத்தச் சட்டம் அன்று முழு வேகத்தில் நடைமுறைக்கு வந்தது. குடிசை இருந்த இடத்தை அதில் குடியிருப்பவரே குறைந்த விலையில் வாங்கிக்கொள்ள உரிமை கிடைத்தது. கிராமத்தில் 10 செண்ட் வரை. நகராட்சியில் 5 செண்ட் வரை. பெரிய நகரத்தில் 3 செண்ட் வரை. பத்து செண்ட் என்றால் சுமார் 4,356 சதுர அடி. ஒரு வீடு, ஒரு கிணறு, பத்துத் தென்னை, கொஞ்சம் கீரை. அவ்வளவுக்கும் இடம் உண்டு.

பல குடும்பங்கள் அந்த நிலத்தில் காலூன்றின. ஆனால் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. புறம்போக்கில் இருந்தவர், சாலையோரம் இருந்தவர், உறவினர் வீட்டில் ஒண்டியிருந்தவர் ஆகியோர் விடுபட்டார்கள். அவர்களுக்காக 1972-இல் ஒரு திட்டம் வந்தது. பெயர் "லட்சம் வீடு". அப்போது முதலமைச்சர் அச்சுத மேனன். வீட்டு வசதி அமைச்சர் எம்.என். கோவிந்தன் நாயர்.

ஒவ்வொரு ஊராட்சியிலும் சுமார் 100 வீடுகள். இதுதான் கணக்கு. நிலம் பார்ப்பது, ஆள் திரட்டுவது, கட்டுவது எல்லாவற்றிலும் ஊராட்சிகளுக்குப் பங்கு இருந்தது. மாணவர்களும் இளைஞர்களும் மண் சுமந்தார்கள். அதுவரை ஊராட்சி என்றால் தெரு விளக்கும் சாக்கடையும்தான். வீடும் கட்டலாம் என்று அன்றுதான் தெரிந்தது. ஒரு லட்சத்தை எட்ட முடியவில்லை. இருந்தாலும் பல ஆயிரம் குடும்பங்கள் ஓட்டுக் கூரைக்குக் கீழே வந்தன.

ஒரு குறை இருந்தது. செலவைக் குறைக்க இரட்டை வீடுகளாகக் கட்டினார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அன்று அது சிக்கனமாகத் தெரிந்தது. முப்பது ஆண்டு கழித்து என்ன ஆயிற்று? ஒரு வீட்டுக்காரர் கொஞ்சம் காசு சேர்த்துப் புது வீடு கட்ட நினைக்கிறார். சுவரை இடித்தால் பக்கத்து வீடும் விழும். பக்கத்து வீட்டுக்காரரிடம் காசு இல்லை. அவர் சம்மதிக்க மாட்டார். இருவரும் ஒழுகும் கூரைக்குக் கீழேயே இருந்தார்கள். பிற்காலத்தில் இந்த இரட்டை வீடுகளை ஒற்றை வீடுகளாக மாற்றவே அரசு தனியாகப் பணம் ஒதுக்க வேண்டி வந்தது.

ஏழைக்குக் கட்டும் வீடுதானே, எப்படிக் கட்டினால் என்ன என்று நினைக்கக் கூடாது. குடியிருக்கப் போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், "ஆளுக்கு ஒரு சுவர் வேண்டும் ஐயா" என்று அன்றைக்கே சொல்லியிருப்பார்.

பட்டியலை யார் எழுதுவது?

1996 ஆகஸ்ட் 17. மலையாள ஆண்டின் முதல் நாளான சிங்கம் ஒன்று. அன்று கேரளத்தில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. மாநிலத்தின் திட்டப் பணத்தில் நூற்றுக்கு 35 முதல் 40 ரூபாய் வரை உள்ளாட்சிகளுக்கே கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். எதற்குச் செலவு செய்வது என்பதையும் உள்ளாட்சிகளே தீர்மானிக்கலாம். ஊருக்கு ஊர் கிராம சபை கூடியது. மக்கள் எழுந்து எதைக் கேட்டார்கள்? சாலை கேட்டார்கள், தண்ணீர் கேட்டார்கள். வீடும் கேட்டார்கள்.

வீடு கேட்டவர் நூறு பேர். பணம் இருப்பதோ பத்து வீட்டுக்கு. யாருக்குக் கொடுப்பது?

இங்கேதான் பட்டியல் வருகிறது. முன்பு பட்டியல் எங்கோ ஒரு மேசையில் தயாராகும். யாரைத் தெரியுமோ அவர் பெயர் இருக்கும். கட்சிக்காரர் பெயர் இருக்கும். சில இடங்களில் காசு கொடுத்தவர் பெயரும் இருக்கும். இப்போது முறையை மாற்றினார்கள். யாருக்கு முதலில் என்பதற்கு அளவுகோல் வைத்தார்கள். நிலம் உண்டா, கூரை எப்படி, நோயாளி உண்டா, குடும்பத்தைப் பெண் ஒருவரே காப்பாற்றுகிறாரா என்று பார்த்தார்கள். வரிசைப் பட்டியலைக் கிராம சபையில் வாசிக்க வேண்டும். கேரளத்தில் கிராம சபை ஒவ்வொரு வார்டுக்கும் தனியாக உண்டு. வார்டு உறுப்பினர்தான் அதைக் கூட்டுபவர். பயனாளிகளை முன்னுரிமை வரிசைப்படி தேர்ந்தெடுத்து ஊராட்சிக்குக் கொடுப்பது கிராம சபையின் வேலை.

இதனால் சண்டை வராமல் இல்லை. நிறைய வந்தது. "எனக்கு இல்லாமல் அவருக்கு ஏன்?" என்று கத்தினார்கள். கத்தட்டும். மூடிய அறையில் நடக்கும் அநியாயத்தைவிடத் திறந்த இடத்தில் நடக்கும் சண்டை மேல். இன்னொரு சிக்கலும் உண்டு. பட்டியல் படிக்கும் நாளில் மட்டும் கூட்டம் நிரம்பும். பெயர் வந்தவர் அடுத்த கூட்டத்துக்கு வர மாட்டார். பெயர் வராதவர் கோபித்துக்கொண்டு வர மாட்டார். கேரளத்திலும் இது நடந்தது. பிற மாநிலங்களிலும் நடக்கிறது.

பாதியில் நின்ற வீடுகள்

உங்கள் ஊரிலும் பார்த்திருப்பீர்கள். சுவர் இருக்கும். கூரை இருக்காது. உள்ளே செடி முளைத்திருக்கும். ஆடு கட்டியிருப்பார்கள். கேட்டால் "அரசாங்க வீடு, பாதியில் நின்று போச்சு" என்பார்கள்.

ஏன் நின்று போகிறது? வீட்டுக்காரர் பணத்தைத் தின்றுவிட்டார் என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். உண்மையான காரணம் பெரும்பாலும் வேறு.

அரசு உதவி ஒரே தடவையில் வராது. தவணையாக வரும். அடித்தளம் போட்டால் ஒரு தவணை. சுவர் எழும்பினால் ஒரு தவணை. கூரை போட்டால் இன்னொன்று. வேலை முடிந்து, அதிகாரி வந்து பார்த்து, படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் அடுத்த பணம் வரும். அதுவரை கையில் காசு வேண்டும். அன்றாடக் கூலிக்கு ஏது காசு? வட்டிக்கு வாங்குவார். பணம் வர இரண்டு மாதம் தாமதமானால் வட்டி ஏறும். அதற்குள் மழை வந்துவிடும். மணல் விலை கூடிவிடும். வேலை நிற்கும்.

இரண்டாவது காரணம் ஆசை. ஆயுளில் ஒரு தடவைதான் வீடு கட்டுகிறோம், கொஞ்சம் பெரிதாகக் கட்டுவோம் என்று நினைப்பார். 400 சதுர அடிக்கு வந்த பணத்தில் 700 சதுர அடிக்கு அடித்தளம் போடுவார். பணம் முழுதும் மண்ணுக்குள் போய்விடும். இது தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகனுக்குக் கல்யாணம் ஆனால் ஓர் அறை வேண்டாமா? ஆனால் கணக்கு இரக்கம் பார்க்காது. முதலில் ஓர் அறையும் சமையலறையும் கூரையோடு முடியட்டும். பிறகு சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம். சேர்த்துக் கட்ட எந்தப் பக்கம் இடம் விடுவது என்று கொத்தனாரிடம் முதலிலேயே பேசிவிட வேண்டும்.

கேரள அரசு லைஃப் என்ற வீட்டுத் திட்டத்தை 2016-17-இல் தொடங்கியது. அதன் முதல் வேலையே பாதியில் நின்ற வீடுகளை முடிப்பதுதான். பல திட்டங்களில் கட்டத் தொடங்கி நின்று போனவை. அப்படி 50,000-க்கும் மேற்பட்ட வீடுகள் இருந்தன. அடுத்ததாக, நிலம் உண்டு, வீடு இல்லை என்பவர்களை எடுத்தார்கள். மூன்றாவதாக, நிலமும் இல்லாதவர்கள். ஒரு வீட்டுக்கு உதவித் தொகை 4 லட்சம் ரூபாய் ஆனது. எட்டாத இடங்களில் உள்ள பழங்குடி ஊர்களுக்கு 6 லட்சம். 2020 பிப்ரவரியில் 2 லட்சம் வீடுகள் முடிந்ததாக அரசு அறிவித்தது. இந்தப் பணத்தில் ஒரு பங்கை ஊராட்சிகளும் நகராட்சிகளும் தங்கள் நிதியிலிருந்தும் கடனிலிருந்தும் கொடுத்தன.

மூன்றாவது வகைதான் கடினம். கேரளத்தில் நிலம் விலை அதிகம். ஊராட்சிக்கே இடம் கிடைப்பதில்லை. அடுக்கு மாடி கட்டிப் பார்த்தார்கள். 2021 டிசம்பரில் வேறொரு வழியும் கண்டார்கள். வசதி உள்ளவர்கள் மனம் உவந்து கொஞ்சம் நிலம் தரும்படி அரசு கேட்டது. "மனசோடித்திரி மண்ணு" என்று அதற்குப் பெயர். மனதோடு கொஞ்சம் மண் என்று பொருள். சிலர் தந்தார்கள். ஆனால் தானமாக வரும் நிலத்தை மட்டும் நம்பி எல்லாருக்கும் வீடு கட்ட முடியாது. அது ஊராட்சிகளுக்கும் தெரியும்.

கல்லைச் சாய்த்து வைத்தால்

பணம் போதவில்லை என்றால் இரண்டு வழி. பணத்தைக் கூட்டலாம். செலவைக் குறைக்கலாம்.

இரண்டாவது வழியைக் காட்டியவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் 1917-இல் பிறந்தவர். கட்டடக் கலைஞர். இந்தியாவுக்கு வந்து, பிறகு திருவனந்தபுரத்தில் தங்கி, 2007-இல் அங்கேயே காலமானார். செங்கல்லைப் படுக்க வைத்து அடுக்குவதுதான் வழக்கம். அவர் அதைப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்துக் கட்டச் சொன்னார். சுவருக்கு நடுவில் இடைவெளி விழும். சுவரின் தடிமன் அதேதான். ஆனால் செங்கல் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மிச்சம். நடுவில் காற்று இருப்பதால் வெயில் சூடும் உள்ளே அவ்வளவாக இறங்காது. எலிப்பொறிக் கட்டு என்று இதைச் சொல்வார்கள். கூரைக் கான்கிரீட்டின் அடிப்பாகத்தில் பழைய ஓடுகளை வைத்துச் சிமெண்டையும் கம்பியையும் குறைத்தார். 1985-இல் திருச்சூரில் காஸ்ட்ஃபோர்டு என்ற நிறுவனம் தொடங்கியது. அச்சுத மேனனும் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். அது இந்த முறையில் ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தது.

பழகாத கொத்தனார் இதைச் செய்யத் தயங்குவார். "சுவர் நிற்காது" என்று பயமுறுத்துவார். பழகிய ஒருவரிடம் காட்டிக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற பெண்கள் அமைப்பின் உறுப்பினர்கள் பலர் கொத்து வேலை பழகித் தாங்களே வீடுகளைக் கட்டினார்கள்.

நாடு முழுவதற்கும் ஒரு திட்டம்

கேரளத்தை விட்டு வெளியே வருவோம். நாடு முழுவதும் கிராமங்களில் வீடு கட்ட மத்திய அரசு 1985-இல் இந்திரா வீட்டு வசதித் திட்டத்தைத் தொடங்கியது. 1996 முதல் அது தனித் திட்டமாக நடந்தது. 2016 ஏப்ரல் முதல் அதை மாற்றிப் பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டம் ஆக்கினார்கள்.

சமவெளியில் ஒரு வீட்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். மலைப் பகுதியில் 1 லட்சத்து 30 ஆயிரம். மத்திய அரசும் மாநில அரசும் பங்கிட்டுக் கொடுக்கின்றன. வீட்டின் பரப்பு குறைந்தது 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 270 சதுர அடி. 2024-இல் இந்தத் திட்டத்தை மேலும் ஐந்து ஆண்டுக்கு நீட்டித்தார்கள். இன்னும் 2 கோடி வீடுகள் என்று இலக்கு வைத்தார்கள். ஆனால் தொகை 2016-இல் இருந்த அதே தொகைதான். எட்டு ஆண்டில் சிமெண்ட் விலையும் கொத்தனார் கூலியும் எவ்வளவு ஏறின என்று உங்களுக்கே தெரியும். சில மாநிலங்கள் தங்கள் பணத்தையும் சேர்த்துக் கொடுக்கின்றன.

வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்கலாம். மனைவி பெயரில் மட்டும் இருக்கலாம். பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வரும். நடுவில் யாருக்கும் கொடுக்கத் தேவையில்லை. "பெயர் சேர்க்க ஐயாயிரம்" என்று யாராவது கேட்டால் அது லஞ்சம்.

பட்டியல் எங்கிருந்து வந்தது? 2011-இல் வீடு வீடாக ஒரு கணக்கெடுப்பு நடந்தது. வீடே இல்லாதவர், ஓர் அறை மண் வீட்டுக்காரர், இரண்டு அறை மண் வீட்டுக்காரர் என்று அதிலிருந்து வரிசைப்படுத்தினார்கள். அந்த வரிசையைக் கிராம சபை சரிபார்க்க வேண்டும். தகுதி இல்லாதவர் பெயரை நீக்கலாம். நீக்கினால் காரணம் எழுத வேண்டும். நீக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம்.

சிலரைத் தானாகவே விலக்கும் விதிகளும் இருந்தன. வீட்டில் மோட்டார் சைக்கிள் இருந்தால் உதவி இல்லை. குடும்பத்தில் ஒருவர் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் சம்பாதித்தாலும் இல்லை. பழைய மொபெட்டில் மீன் விற்கப் போகிறவர் என்ன செய்வார்? மொபெட் இருப்பதால் அவர் பணக்காரர் ஆகிவிடுவாரா? பல ஆண்டுகள் இந்தக் கேள்வி எழுந்தது. 2024-இல் விதியைத் தளர்த்தினார்கள். இரு சக்கர வண்டி இருந்தாலும் உதவி உண்டு என்று ஆயிற்று. வருமான வரம்பு 15,000 ரூபாய் ஆனது.

ஒரு கிராம சபை

ஒரு கிராமத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த மாநிலமாகவும் இருக்கலாம். ஆலமரத்தடியில் கிராம சபை நடக்கிறது. ஊராட்சிச் செயலர் வீட்டுப் பட்டியலை வேகமாக வாசிக்கிறார். கடைசி வரிசையில் ஒரு பெண். கணவர் இறந்து நாலு ஆண்டு ஆகிறது. கொழுந்தனாரின் ஓட்டு வீட்டுக்குப் பின்னால் சாய்ப்பு இறக்கி இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறார். போன ஆண்டு இரவுப் பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றார்.

அவர் பெயர் வாசிக்கப்படவில்லை.

"ஐயா, அந்தக் காகிதத்தை நான் பார்க்கலாமா?" என்று கேட்கிறார்.

"உனக்கு எதுக்கம்மா? நான்தான் வாசிச்சேனே" என்கிறார் செயலர்.

ஊராட்சித் தலைவியும் ஒரு பெண்தான். "கொடுங்க சார், பார்க்கட்டும். எல்லாருக்கும் பொதுவான காகிதம்தானே" என்கிறார்.

அந்தப் பெண் விரலை வைத்து வரிசை வரிசையாகப் படிக்கிறார். நேரம் ஆகிறது. யாரோ சிரிக்கிறார்கள். அவர் நிமிரவில்லை. இரண்டாம் பக்கத்தில் பெயர் இருக்கிறது. அதன் மேல் கோடு போட்டிருக்கிறது. பக்கத்தில் "நிரந்தர வீடு உள்ளது" என்று எழுதியிருக்கிறது.

"தலைவரம்மா, இது எங்க கொழுந்தனார் வீடு. நான் இருக்கிறது பின்னாடி சாய்ப்பில். கதவு எண் ஒண்ணு. அடுப்பு ரெண்டு."

"ஆமா, ஆமா. அவ தனியாத்தான் பொங்கிச் சாப்பிடுறா" என்கிறார் பக்கத்தில் இருந்த பாட்டி.

கொழுந்தனாரும் கூட்டத்தில் இருக்கிறார். எல்லாரும் அவரைப் பார்க்கிறார்கள். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணி சொல்றது நிஜம்தான்" என்கிறார்.

"சரி அக்கா. வாயால சொன்னது காற்றோடு போயிடும். எழுதிக் கொடுங்க. கூட்டக் குறிப்பிலும் எழுதச் சொல்றேன்" என்கிறார் தலைவி.

அந்தப் பெண் அன்று மாலையே மனு எழுதினார். இப்படி எழுதினார்:

அனுப்புநர்: (பெயர், கணவர் அல்லது தந்தை பெயர், கதவு எண், தெரு, ஊர்)

பெறுநர்: ஊராட்சித் தலைவர் அவர்கள், ............ ஊராட்சி.

பொருள்: வீட்டுப் பட்டியலில் நீக்கிய பெயரை மீண்டும் சேர்க்கக் கோருதல்.

ஐயா / அம்மா,

............ தேதி நடந்த கிராம சபையில் வாசித்த வீட்டுப் பட்டியலில் என் பெயரை நீக்கியுள்ளார்கள். "நிரந்தர வீடு உள்ளது" என்று காரணம் எழுதியுள்ளார்கள். எனக்குச் சொந்தமாக வீடு இல்லை. உறவினர் வீட்டின் பின்புறம் ஓலைச் சாய்ப்பில் ............ ஆண்டுகளாக இருக்கிறேன். எனக்குத் தனிக் குடும்ப அட்டை உண்டு. எண் ............ . என் இருப்பிடத்தை நேரில் வந்து பார்த்து என் பெயரைச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம், தேதி, கையொப்பம்.

மனுவை இரண்டு படி எழுத வேண்டும். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்தும் முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கையெழுத்து இல்லாவிட்டால் "மனுவே வரவில்லை" என்று சொல்ல முடியும். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அது 2005-இல் வந்தது. "என் மனு என்ன ஆயிற்று?" என்று அதன்படி எழுதிக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர் கட்டணம் கட்டத் தேவையில்லை.

நகரத்தில் எப்படி?

நகரத்தில் ஏழைகளின் பயம் வேறு. அங்கே கூரை ஒழுகுவது இரண்டாவது கவலை. எப்போது இடிப்பார்களோ என்பதுதான் முதல் கவலை. நாளைக்கு இடிப்பார்கள் என்றால் இன்றைக்கு யார் சுவர் வைப்பார்?

குஜராத்தில் அகமதாபாத் மாநகராட்சி 1995-இல் ஒரு முயற்சி செய்தது. குடிசைப் பகுதியில் வீட்டுக்கு வீடு தண்ணீர்க் குழாய், கழிப்பறை, சாக்கடை, தெரு விளக்கு போட்டுத் தந்தது. ஒவ்வொரு குடும்பமும் 2,000 ரூபாய் பங்கு கட்டியது. அதற்குப் பதிலாக, பத்து ஆண்டுக்கு அங்கிருந்து அகற்ற மாட்டோம் என்று மாநகராட்சி எழுதிக் கொடுத்தது. மீண்டும் ஒரு காகிதம்தான்!

ஒடிசா இன்னும் ஒரு படி மேலே போனது. 2017-இல் குடிசைவாசிகளுக்கு நில உரிமை தரும் சட்டத்தைக் கொண்டு வந்தது. சிறு நகரங்களில் இதைத் தொடங்கினார்கள். பறக்கும் கருவியால் படம் எடுத்து ஒவ்வொரு குடிசையின் எல்லையையும் வரைந்தார்கள். குடிசைவாசிகளின் சங்கத்தோடு உட்கார்ந்து சரிபார்த்தார்கள். கணவன் மனைவி இருவர் பெயரிலும் சான்றிதழ் தந்தார்கள். அந்த நிலம் பிள்ளைகளுக்குச் சேரும். அதை வைத்து வீட்டுக் கடன் வாங்கலாம். ஆனால் விற்க முடியாது. விற்க விட்டால் பணக்காரர் கைக்குப் போய்விடும் என்ற பயம். அவசரத்துக்கு விற்க முடியாதே என்று வருந்துவோரும் உண்டு. உங்களுக்கு எது சரி என்று படுகிறது? குழுவில் பேசிப் பாருங்கள்.

பயிற்சி

உங்கள் ஊரில் கடைசியாகக் கிராம சபை எப்போது நடந்தது? நீங்கள் போனீர்களா? அங்கே என்ன வாசித்தார்கள்?

உங்கள் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய் வீட்டுப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். நீக்கிய பெயர்கள் எத்தனை? காரணம் எழுதியிருக்கிறார்களா?

ஒரு வீட்டுக்கு 8,000 செங்கல் தேவை. எலிப்பொறிக் கட்டில் நாலில் ஒரு பங்கு மிச்சமாகும். எத்தனை செங்கல் மிச்சம்? உங்கள் ஊரில் ஒரு செங்கல் விலை என்ன? அந்த விலையில் எவ்வளவு ரூபாய் மிச்சம் என்று கணக்கிடுங்கள்.

மேலே உள்ள மனுவைப் பார்த்து, உங்கள் தெருவில் வீடு இல்லாத ஒருவருக்காக ஒரு மனு எழுதுங்கள். அவருக்கு எழுதத் தெரியாவிட்டால் அவரிடம் முழுவதையும் படித்துக் காட்டிய பிறகு கைரேகை வாங்குங்கள்.